ஒரு மண்டலம் அருவி

குளிர்காலத்தை உற்சாகமாகக் கழிப்பது எப்படி என்று ஒரு குறிப்பு நம் ஓய்வூதியர் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும். காதை மூடிக் குல்லாய் போட வேண்டுமாம். பனி விலகிய பிறகு நடக்க வேண்டுமாம். கணப்படுப்பின் அருகே அமர்ந்து நல்ல புத்தகம் படிக்க வேண்டுமாம். தென்காசியில் கணப்படுப்பு வைத்த வீட்டை நான் பார்த்ததில்லை. வைத்திருந்தாலும் முதலில் கட்டட அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வருவாய்த் துறையில் முப்பத்தாறு ஆண்டு இருந்தவள் நான். கைக்கு வந்த எந்தக் குறிப்பையும் ஓரத்தில் திருத்தாமல் அடுத்த மேசைக்கு அனுப்பியதில்லை. இதையும் அப்படியே அனுப்ப மனம் வரவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் குளிர் என்பது மார்கழியும் தையும்தான். மலையிலிருந்து இறங்கும் பனி விடிந்து இரண்டு நாழிகை வரை தெருவில் நிற்கும். அதற்குள் முடித்தாக வேண்டிய வேலைகள் எங்களுக்கு ஏராளம். வாயைக் குவித்துப் புகைவிட்டு, இல்லாத பீடியின் சாம்பலைத் தட்ட வேண்டும். கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகப் பூசணிப்பூ தேட வேண்டும். அதற்கு அடுத்தவர் கூரையில் ஏறும் உரிமை உண்டா இல்லையா என்பதை ஒவ்வொரு வீட்டிலும் புதிதாக வாதிட வேண்டும். பஜனை கோஷ்டிக்குப் பின்னால் போய்ப் பக்தியை விடப் பொங்கலில் கவனமாக இருக்க வேண்டும். பெரிய கோயிலின் மொட்டைக் கோபுரத்து வாசலில் அடிக்கும் காற்றில் பாவாடை பறக்காமல் யார் எதிர்ப்பக்கம் போய்ச் சேருவது என்று பந்தயம் வைக்க வேண்டும். பிறகு வெயில் விழும் மதில்மேல் முதுகை ஒட்டவைத்துப் பல்லி போல நிற்க வேண்டும். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுக் கட்டி, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துத் தரையில் அடித்துத் தோல் உரிப்பதும் எங்கள் வேலைதான். அந்த மண்வாசனை கையை விட்டுப் போகப் பொங்கல் கழிந்துவிடும்.

இவை எல்லாருக்கும் கிடைத்தவை. எனக்கு மட்டும் ஒரு வருஷம் இவற்றை விட மேலான ஒன்று கிடைத்தது. நாற்பத்தொரு நாள், தினமும் விடியற்காலையில், குற்றாலத்து அருவிக்குப் போய்வந்தேன். பஸ் உண்டு. ஆமவடை உண்டு. கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி உண்டு. பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனால் அப்பா கைப்பட எழுதிய சீட்டும் உண்டு. இத்தனைக்கும் காரணம், என் சித்திக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாகப் பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அவளுக்கு அப்போது இருபத்தோரு வயது. எனக்குப் பத்து. அம்மாவுக்கும் சித்திக்கும் பெற்றோர் இல்லாததால் புளியங்குடியில் கல்யாணம் செய்து கொடுத்தது அப்பாதான். மாப்பிள்ளை, அதாவது என் சித்தப்பா, அங்கே ஒரு அரிசி ஆலையில் இன்ஜின் ஓட்டுகிறவர். ஒரு வருஷம் கழிந்த ஐப்பசியில் சித்தப்பாவின் அம்மா சித்தியை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அந்த அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து சொன்ன குற்றப்பத்திரிகை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

"பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது. நான் பின்னால நின்னு கத்துதேன், கத்துதேன், இவ சொவத்தப் பாத்துச் சிரிச்சிட்டு நிக்கா. ஏட்டின்னு கூப்பிட்டா ஏன்னு கேக்கமாட்டா. திடீர்னு திரும்பிப் பாத்துட்டு அப்பதான் ஆளு இருக்கதே தெரிஞ்சாப்ல முழிப்பா. புத்தி தெளிஞ்சா எழுதிப் போடுங்க, வந்து கூட்டிட்டுப் போறோம். தெளியலைன்னா வேற வழியப் பாக்கணும். எனக்கு ஒத்தப் பையன்."

சித்தி அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். கண்ணை எடுக்கவில்லை. "பாத்தேளா, எப்படி வெறிச்சுப் பாக்கா" என்றார் அந்த அம்மாள். அதுவும் ஆதாரமாகச் சேர்ந்துவிட்டது.

என் அப்பா நீதிமன்றத்தில் குமாஸ்தா. விஷயத்தை அவர் வாய்தா போட்டுப் போட்டு யோசித்தார். கார்த்திகைக் கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு மண்டலம். விடியங்காத்தால மெயின் அருவி. தலையில எலுமிச்சம்பழத்தத் தேச்சிட்டு அரைமணி நேரம் நிக்கணும். பித்தம் எங்கன இருந்தாலும் இறங்கிரும்."

இது அப்பா கண்டுபிடித்த வைத்தியம் அல்ல. நம் பக்கத்தில் புத்தி பிசகியவர்களை அருவியில் கொண்டுபோய் நிறுத்துவது உங்களுக்குத் தெரியாததல்ல. சீசனில் கூட்டத்தோடு கூட்டமாக நிறுத்தினால் கண்ட கண்ட கண்ணும் படும். மார்கழியில் ஆள் இருக்காது, தண்ணீரும் நன்றாகக் குளிரும், இரட்டைப் பலன் என்பது அப்பாவின் சட்டநுணுக்கம். மண்டலம் என்பது நாற்பத்தொரு நாளா நாற்பத்தெட்டு நாளா என்று அம்மா கேட்டாள். இது குறித்துத் தெளிவான விதி எதுவும் இல்லாததால் கூடுதலான எண்ணையே அப்பா எடுத்துக்கொண்டார்.

அப்பாவின் கடிதம் போய்ச் சேர்ந்த மறுவாரமே புளியங்குடியிலிருந்து சித்தப்பா ஒரு சாக்குப் பை நிறைய எலுமிச்சம்பழம் அனுப்பினார். லாரிக்காரர் ஒருவர் கொண்டுவந்து இறக்கினார். கடிதம் இல்லை. பழங்கள் ஒவ்வொன்றையும் துடைத்து அடுக்கியிருந்தார். வாரம் தவறாமல் அப்படி ஒரு பை வந்தது. வீடே எலுமிச்சை மணத்தது. ஊறுகாய் போட்டுத் தீராமல் அம்மா தெருவுக்கெல்லாம் கொடுத்தாள்.

முதல் வாரம் அம்மா எங்களோடு வந்தாள். ஏழாம் நாள் அவளுக்குச் சளி பிடித்து நெஞ்சு கட்டிக்கொண்டது. அதன்பிறகு நானும் சித்தியும் மட்டும்தான். பைத்தியத்துக்குக் காவலாகப் பத்து வயதுப் பெண்ணை அனுப்புவது சரியா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். "சாட்சிக்கு வயசு ஒரு தடையில்லை" என்றார் அப்பா.

முதல் பஸ்ஸில் எங்களைத் தவிரக் கீரைக்காரிகளும் இரண்டொரு சாமியார்களும்தான் இருப்பார்கள். கண்டக்டருக்கு விஷயம் எட்டிவிட்டது. ஒருநாள் என்னிடம் குனிந்து, சித்தியைக் கண்ணால் காட்டி, தாழ்ந்த குரலில், "பைத்தியத்துக்கு அரை டிக்கெட் கிடையாது பாப்பா" என்றார். சித்தி உட்கார்ந்திருந்தது மூன்று வரிசை தள்ளி. எழுந்து அருகில் வந்தாள்.

"கண்டக்டர் அண்ணாச்சி, உங்களுக்கு முழு மூளை கிடையாதுன்னு நான் யார்ட்டயாவது சொன்னேனா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் அதன்பின் சித்தியிடம் மரியாதையாக முழு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். அத்தனை தூரத்தில் கிசுகிசுத்தது அவளுக்கு எப்படிக் கேட்டது என்று நான் வியந்தேன். பைத்தியம் பிடித்தவர்களுக்குக் காது கூர்மையாகிவிடும் போல என்று முடிவுகட்டினேன். எங்கள் குடும்பத்தில் தவறான முடிவுக்கு வருவதில் வயது வித்தியாசம் கிடையாது.

மார்கழியில் அருவிக்குப் போயிருக்கிறீர்களா? சாரல் காலத்தின் குற்றாலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எண்ணெய் தேய்ப்பவர்கள் இல்லை. கடைகளில் முக்கால்வாசி மூடிக் கிடக்கும். கல்லில் கால் வைத்தால் குளிர் குதிகாலில் புகுந்து காதின் நுனி வரை போகும். தண்ணீருக்குள் தலையைக் கொடுத்துவிட்டால் அதன்பின் குளிர் கிடையாது. வெளியே வந்தால்தான் குளிர். எனவே சிகிச்சை நேரம் முழுவதும் நானும் உள்ளேயே இருந்தேன். பாறையோடு பதித்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகில் யாரோ ஆயிரம் கையால் தட்டுவது போல நின்றிருப்பேன். உள்ளே ஒரே இரைச்சல். பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும்.

அங்கேதான் என் சித்தி வேறு மனுஷியாக மாறினாள். வீட்டில் மூலையில் உட்கார்ந்திருப்பவள், அருவிக்குள் போனதும் ராணி. விடியற்காலைக் குளியலுக்கு வரும் உள்ளூர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. இன்னார் தள்ளி நில், சோப்பு வழுக்கிவிட்டது, உன் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததா, எல்லாம் வாயசைவிலும் கைச்சாடையிலும் நடக்கும். மற்றவர்கள் மூன்றுமுறை சொல்லிப் புரியாததைச் சித்தி ஒரே பார்வையில் பிடித்துவிடுவாள். நடுவில் நின்று ஒருத்தி சொன்னதை இன்னொருத்திக்குக் கைமாற்றுவாள். என் அப்பா தீர்ப்புச் சொல்லும்போது வாய் கோணுவதை அப்படியே செய்து காட்டி என்னைச் சிரிக்க வைப்பாள். தண்ணீர் குடித்து எனக்குப் புரையேறும். சில நாட்களில் நானும் அந்தச் சத்தமில்லாப் பேச்சைக் கற்றுக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் குளித்துவிட்டு வடைக்கடைக்கு நடந்துகொண்டிருந்தோம். நான் பூசணிக்கொடி ஒன்றைப் பார்த்துப் பின்தங்கிவிட்டேன். சித்தி நடுரோட்டில் தலையைத் துவட்டிக்கொண்டே போனாள். மலைப்பக்கமிருந்து மரம் ஏற்றிய லாரி இறக்கத்தில் வந்தது. ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. சித்தி விலகவில்லை. நான் ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்ததில் இருவரும் ஓரத்துப் புல்லில் விழுந்தோம். லாரிக்காரர் தலையை நீட்டிக் கத்திவிட்டுப் போனார்.

"ஏட்டி, செவிட்டு மூதி! வண்டி வாரது கேக்கலையாட்டி?"

ஒரு வருஷம் கூட இருந்த மாமியாருக்கும், அக்காவுக்கும், சட்டம் தெரிந்த அத்தானுக்கும் பிடிபடாத நோயை, முன்பின் தெரியாத ஒருவர் ஓடும் வண்டியிலிருந்து கட்டணமில்லாமல் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். அவருக்கே அது தெரியாது.

எனக்கு உடனே விளங்கவில்லை. அன்று மாலை சோதித்துப் பார்த்தேன். சித்தியின் பின்னால் நின்று கூப்பிட்டேன். இரண்டடி தள்ளி, ஓரடி தள்ளி, பிடரிக்கு அருகில். அசைவில்லை. முன்னால் வந்து உதட்டை மட்டும் அசைத்தேன். "என்னட்டி?" என்று கேட்டாள். மறுநாளும் செய்தேன். முடிவு ஒன்றாகவே வந்தது. சித்திக்குப் பைத்தியம் இல்லை. காதுதான் கேட்கவில்லை. முகம் தெரிகிற இடத்தில் இருந்தவர்களோடு பேசினாள். முதுகுப்பக்கம் இருந்தவர்களுக்குப் பைத்தியமாக இருந்தாள்.

விசாரணை முடிந்தால் அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். நான் சமர்ப்பிக்கவில்லை.

ஏன் என்று நீங்கள் கேட்பது நியாயம். சொல்லிவிட்டால் அருவி நின்றுவிடும். பஸ் நின்றுவிடும். சூடான ஆமவடையை ஈரக்கையில் வாங்கும்போது விரல் நுனிகளில் உயிர் வருமே, அது நின்றுவிடும். தெருவிலேயே தினமும் குற்றாலம் போகும் ஒரே பெண் என்ற பதவி போய்விடும். சித்திக்குப் புளியங்குடி வாழ்க்கை இருக்கிறதா இல்லையா என்பது அந்த மண்டலத்தின் முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வடையைத் தின்றேன்.

இருபதாம் நாளை ஒட்டி, சளி தேறிய அம்மா ஒருநாள் பார்வையிட வந்தாள். அருவிக்குள் சித்தி பெண்களோடு வழக்காடுவதையும் சிரிப்பதையும் கரையில் நின்று பார்த்தாள். வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக்குள் நுழையும்போதே அப்பாவைக் கூப்பிட்டாள். "தெளிஞ்சிட்டு! கேட்டதுக்கெல்லாம் டக்டக்குன்னு பதில் சொல்லுதா. என் கண்ணால பாத்தேன்!"

அப்பா அன்றே புளியங்குடிக்கு எழுதினார். சிகிச்சை பலனளித்து வருவதாகவும், மண்டலம் நிறைவடைந்ததும் வரலாம் என்றும்.

ஆனால் வீட்டில் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பேசுகிறவள். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பேசுகிறவர். சித்திக்கு இரண்டு பேர் வாயும் தெரியாது. சாயங்காலத்துக்குள் பைத்தியம் திரும்பிவிடும். காலையில் தெளிகிறது, மாலையில் கலங்குகிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது? மருந்து சரி, அளவு போதவில்லை. அப்பா திருத்திய ஆணை பிறப்பித்தார். அரைமணி ஒரு மணியாயிற்று. மெயின் அருவியோடு ஐந்தருவியும் சேர்ந்தது.

திருவாதிரை அன்று குற்றாலத்துச் சித்திரசபையில் கூட்டம். தாண்டவ தீபாராதனைக்கு நாகசுரமும் தவிலும் முழங்கின. என் உயரத்துக்கு எதுவும் தெரியவில்லை. சித்தி என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மறுகையைத் தூணில் பதித்தபடி நின்றாள். கல்லில் பதிந்த அவள் விரல்கள் தவிலுக்குச் சரியாகத் தாளம் தட்டின. இறக்கிவிட்டபோது சத்தமில்லாமல் என்னிடம் சொன்னாள்: "இது எனக்கு நல்லாக் கேக்குது."

அதுதான் அவள் என்னிடம் ஒப்புக்கொண்டது. அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதற்கு மறுவாரம் அவள் இடது காதில் கைவைக்க ஆரம்பித்தாள். தலையணை உறையில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. அம்மா பார்ப்பதற்குள் சித்தியே அதைத் துவைத்துவிட்டாள். அருவிக்குள் தலையைச் சாய்த்து, அந்தக் காதில் தண்ணீர் விழாமல் தோளால் அடைத்துக்கொண்டு நிற்பாள். "வலிக்குதா?" என்றேன். உதட்டைப் பிதுக்கிச் சிரித்தாள். அன்று வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் போகி. பொங்கல் கழியட்டும் என்று தள்ளிவைத்தேன். ஒத்திவைத்தல் எங்கள் வீட்டு வியாதி.

நாற்பத்தொன்றாம் நாள் விடியுமுன்பே சித்தப்பா லாரியில் வந்து இறங்கினார். புளியங்குடிக் கணக்கில் மண்டலம் நாற்பத்தொன்றுதான். முதல் பஸ்ஸில் அவரும் ஏறிக்கொண்டார். உயரமான மனிதர். அப்பாவிடம் இரண்டே வார்த்தை பேசினார். அதுவும் ஆலை இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பழகிய குரலில், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்படி. பஸ்ஸில் சித்தி ஜன்னலைப் பார்த்திருந்தாள். அவர் சித்தியைப் பார்த்திருந்தார்.

பெண்கள் பகுதிக்கு அவர் வர முடியாது. தடாகத்துக்கு இந்தப் பக்கம் கம்பித் தடுப்பில் கைவைத்து நின்றார். நாங்கள் தண்ணீருக்குள் போனோம். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், குரல் எழுப்பாமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

"பசிக்குதா?"

சித்தி அங்கிருந்தே உதட்டை அசைத்தாள். "ஆமா."

"பழம் வந்துச்சா?"

"வந்துச்சு. தேச்சுத் தேச்சு முடி கொட்டுது."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. பிற்பாடு அம்மாவிடம் அவர் சொன்னது இது: ஆலையில் இன்ஜின் ஓடும்போது எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள், நெல் புடைக்கிற பெண்களுக்கு அது தாய்மொழி. ஆனால் வெளியே வந்ததும் வாயைப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். இவள் வெளியே வந்தும் விடவில்லை. எதிரே நின்று இன்னும் அவர் உதட்டைத்தான் பார்த்தாள்.

வடைக்கடைக்கு நடந்தோம். சித்தப்பா வேண்டுமென்றே நான்கடி பின்தங்கினார். பிறகு தன் முழு ஆலைக்குரலில் கத்தினார்.

"ஏட்டி, நில்லு!"

வேலியிலிருந்த குரங்குகள் மரத்துக்குத் தாவின. வடைக்கடை ஆச்சி கரண்டியை எண்ணெய்க்குள் விட்டுவிட்டு, "என்னய்யா உசிர வாங்குத!" என்றாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். சித்தி மட்டும் ஈரக்கூந்தலைப் பிழிந்தபடி போய்க்கொண்டே இருந்தாள்.

சித்தப்பா நெடுநேரம் அந்த முதுகைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் அவருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். குனிந்து, அந்தக் குரலிலிருந்து வரும் என்று நான் நினைத்திராத மெதுவான குரலில் கேட்டார்.

"ஒனக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"ஒம்பதாம் நாள்லேருந்து."

"யார்ட்டயும் சொல்லலையா?"

"இல்ல."

"ஏம்மா?"

பொய் சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை. "வடை" என்றேன்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கடைக்குப் போய் நான்கு ஆமவடை வாங்கி, இலையோடு என் கையில் வைத்தார். சித்தியின் எதிரே போய் நின்று ஏதோ பேசினார். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். வடையை நான் வீடு வரை கையிலேயே வைத்திருந்தேன். எண்ணெய் உறைந்து இலையில் ஒட்டிவிட்டது. கடைசியில் தெருமுனை ஆட்டுக்குப் போட்டேன்.

வீட்டில் சித்தப்பா விஷயத்தைச் சொன்னதும் அப்பா ஆட்சேபணை எழுப்பினார். "இன்னும் ஏழு நாள் பாக்கி இருக்கே. காதுக்கும் அருவி நல்லதுதான். ஒரு மண்டலம் முழுசா முடிச்சிட்டு..."

"தண்ணி போதும் அண்ணாச்சி" என்றார் சித்தப்பா.

அம்மா எழுந்து உள்ளே போனாள். ஐப்பசியிலிருந்து தங்கையை எத்தனை முறை பின்னாலிருந்து கூப்பிட்டு, திரும்பாததற்காக மண்டையில் குட்டியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டிருந்தாளோ என்னவோ. சித்தியின் டிரங்குப் பெட்டியை அவளே துடைத்து அடுக்கினாள். பிற்பகல் பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பினார்கள். புளியங்குடிக்கு அல்ல, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு.

அங்கே டாக்டர் சொன்னது பிறகு கடிதத்தில் வந்தது. சின்ன வயதில் வந்த அம்மையிலிருந்தே செவி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வலது காதில் மிச்சம் உண்டு. இடது காது சீழ் பிடித்துச் சவ்வு அழிந்துவிட்டது. அந்தக் காதோடு தண்ணீரில் நின்றிருக்கவே கூடாது.

கடிதத்தை அப்பா உரக்கப் படித்தார். அந்தக் கடைசி வாக்கியத்தைத் தொண்டையைச் செருமிக்கொண்டு வேகமாகப் படித்தார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தனக்குத் தெரிந்த முறையில் ஒன்றையும் குறை வைக்காமல் செய்தவர். அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. ஒன்பதாம் நாளிலிருந்து நாற்பத்தொன்றாம் நாள் வரை. அந்தக் காதில் என் பங்கு எவ்வளவு என்று கண்டுபிடிக்க எந்தக் கையேட்டிலும் விதி இல்லை. பிற்காலத்தில் என் மேசைக்குக் காது கேளாதவர்களின் உதவித்தொகை மனுக்கள் வரும். அவற்றை ஒருநாள்கூடத் தங்கவிடாமல் அனுப்பினேன். என் சுறுசுறுப்பை மேலதிகாரிகள் பாராட்டினார்கள்.

ஓய்வு பெற்ற வருஷம்தான் எனக்குத் தைரியம் வந்தது. புளியங்குடிக்குப் போனேன். அதுவும் மார்கழிதான். சித்தி கட்டிலில் உட்கார்ந்து, சுளகில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் வெளியூரில். வலது காதுக்குக் கருவி உண்டு. வீட்டில் இருக்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவது வழக்கம். நான் எதிரே உட்கார்ந்தேன். குரலில் சொல்ல முடியாததால் உதட்டில் சொன்னேன். பழைய பழக்கம் எங்கேயும் போகவில்லை. ஒன்பதாம் நாளிலிருந்து எனக்குத் தெரியும் என்று சொன்னேன். ஏன் சொல்லவில்லை என்றும் சொன்னேன்.

சித்தி மொச்சையைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியுமே" என்றாள். "நீ வாயைத் தொறந்திரக் கூடாது சாமின்னு நான் தெனமும் வேண்டிக்கிட்டேன்."

"ஏன்?" என்று உதட்டை அசைத்தேன்.

"பைத்தியம்னா தெளியும்னு சொல்லுவாவ. ஒரு மண்டலம் காத்துக்கிட்டிருப்பாவ. செவிடின்னா? செவிடு தெளியுமாட்டி? நீ சொல்லிருந்தேன்னா உங்கப்பா அன்னைக்கே எழுதிப் போட்டிருப்பாவ. எங்க அத்தை அந்தத் தையிலயே வேற பொண்ணு பாத்திருப்பாவ. இவுக வந்திருக்கவே மாட்டாவ. ஒரு காது போச்சு, போகட்டும். எனக்கு வீடு நின்னுச்சுல்லா?"

அப்போது சித்தப்பா பின்கட்டிலிருந்து வந்தார். எண்பதை நெருங்கும் உடம்பு. முழங்கால் மடங்காது. அவர் நின்ற நிலைவாசல் சித்தியின் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தது. ஒரு எட்டு வைத்துத் தோளைத் தொட்டிருக்கலாம். அவர் தொடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி, சுளகையும் மொச்சைத் தோலையும் தாண்டி, ஒவ்வொரு அடியாக வைத்து வந்து, அவள் முகத்துக்கு எதிரே நின்றார். மூச்சு வாங்கியது. அவள் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருந்தார்.

"காப்பி போடட்டா?"

"இவளுக்கும் சேத்து" என்றாள் சித்தி.

அவர் தலையாட்டிவிட்டு, வந்த வழியே சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். செவிடி என்று தெரிந்திருந்தால் இந்த மனிதர் வந்திருக்க மாட்டார் என்று சித்தி சொன்னாள். நான் அதை நம்பவில்லை. அவளும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். அறுபத்தொன்பது வயதில் எனக்காக அவள் சொன்ன பொய் அது. நான் மறுக்கவில்லை. சுளகைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து மொச்சை உரிக்க ஆரம்பித்தேன்.